ப்ரீதரை அடைக்காதீங்கப்பா

அக்கா பையன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். எவனோ அமெரிக்காக்காரன் பழைய மஸில் கார்ல ட்ரை சம்ப் மாட்டுறான், அதாவது எஞ்சின் ஆயிலை அடியில தேங்க விடாம டேங்குல வெக்கிற ஏற்பாடு. பெல்ட்ல ஓடுற பம்ப்பு, தனி ஆயில் டேங்க், கட்டைவிரல் தண்டிக்கு ஹோஸ். "மாமா, இது வேற லெவல்"ங்கறான். வாசல்ல நிக்கிற என் 86 மாடல் புல்லட்டைக் காட்டி, "அதுலயும் அதான்டா கீது"ன்னேன். நம்பல.

தண்ணி இல்லாத ஆத்துக்கு பேர் போன வேலூர்க்காரனுக்கு ட்ரை சம்ப் புரியாதா? வீட்டுத் தண்ணிக் கணக்குதான். கீழ சம்ப்ல வந்து விழுறதை ஒரு மோட்டார் உடனே டேங்குக்கு ஏத்திடணும். எஞ்சின்ல, டேங்குல இருந்து பேரிங்குக்கு அனுப்ப இன்னொரு பம்ப்பு. ஏத்துற பம்ப்பு எப்பவும் பெருசா இருக்கணும், இல்லன்னா கீழ ரொம்பிடும். பெருசா இருக்கறதால அது ஆயிலோட காத்தையும் சேத்து இழுக்கும். அதனாலதான் கார் டேங்குல ஆயிலை மேல ஓரமா சுத்தவிட்டு, நுரை அடங்கினப்புறம் அடியில இருந்து எடுக்கறாங்க. பிரிஞ்ச காத்து வெளிய போக டேங்க் உச்சியில ப்ரீதர். புல்லட்ல டேங்க் எஞ்சின் வார்ப்புக்குள்ளயே அடக்கம், அவ்ளோதான்.

காருக்கு இது எதுக்குன்னா, சாதா கார்ல ஆயில் அடியில சம்ப்லயே தேங்கி நிக்கும்; வேகமா திரும்பும்போது அது ஒரு பக்கமா ஏறிக்கும், பம்ப்பு வெறும் காத்தை இழுக்கும், பேரிங் போச்சு. 2006 கார்வெட் இஸட்06ங்கற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்ல கம்பெனியே ட்ரை சம்ப் போட்டு வித்தான். வண்டியோடவே சாயற பைக்குக்கு அந்தத் தொல்லை கெடையாது. ஏலகிரி 14 வளைவுலயும் ஆயில் இருந்த எடத்துலயே இருக்கும்.

சரி, என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

ஒருதரம் மூணு வாரம் வண்டியை எடுக்கல. ஆயில் அளவு பாக்கற குச்சியில, அதான் டிப் ஸ்டிக்ல, ஆயிலே காணோம். அரை லிட்டர் ஊத்தி உதைச்சேன். எஞ்சின் காத்தை வெளிய விடற ப்ரீதர் பைப்புல இருந்து குபுகுபுன்னு கொட்டி, எதிர்வீட்டு கோலம் மேல ஓடிச்சு. வாங்கின திட்டு இன்னும் காதுல கீது. நடந்தது இதான்: சும்மா நின்னா டேங்க் ஆயில் பம்ப்பு வழியா கசிஞ்சு கீழ எறங்கிடும். ஆயில் எங்கயும் போகல, எடம் மாறியிருந்துச்சு. பத்து நிமிஷம் ஓட்டிட்டுப் பாத்திருக்கணும். புத்தி இல்ல.

மெக்கானிக் வந்தார். "ப்ரீதர் பைப்பை ஒரு போல்ட்டு வெச்சு அடைச்சுடலாம்ணா." நானும் தலையாட்டினேன். ஆம்பூர் போறதுக்குள்ள எஞ்சினோட வலது பக்க மூடி, அதான் டைமிங் கவர், அதோட பேக்கிங் பிச்சிக்கிச்சு, வலது கால் பேன்ட்டு பூரா ஆயில். பின்ன? பிஸ்டன் ஒவ்வொரு தபா எறங்கும்போதும் 346 சிசி காத்தை கீழ தள்ளுது. வாசலை அடைச்சா சுவத்தை உடைச்சுதானே வெளிய வரும்? பைப்பு நுனியில வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காத்தை வெளிய விடும், உள்ள விடாது. என்னுது வெறைச்சுப் போய் ஒட்டியே கெடந்துச்சு. அற்பக் காசு சாமான். அதைப் பாக்காம எஞ்சின் பூரா பேக்கிங் பேஸ்ட்டை அப்பறதுதான் நம்மூர்ல பாதி பேர் பண்ற வைத்தியம்.

ரப்பர் மாத்தி, பைப்பு எங்கயும் தொங்காம மேல தூக்கி, ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல விட்டிருக்கேன். தொங்கற எடத்துல ஆயில் தேங்கினா அதுவும் அடைப்புதான். பாட்டில் மூடியில ஓட்டை போட மறந்துடாதீங்க.

அந்தப் பாட்டிலுக்குப் பதிலா பையன் அலுமினிய கேட்ச் கேன் வாங்கித் தர்றானாம். கலர் நீலமா செவப்பான்னு ரெண்டு நாளா கேட்டுட்டு இருக்கான்.