ஆஃப்ரோபீட் ஜேம்ஸ் பிரவுன் நகலா?

“ஆஃப்ரோபீட் என்பது ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க் இசைக்கு நைஜீரிய நகல்” என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிகூட உண்மையில்லை.

ஆஃப்ரோபீட்டை உருவாக்கிய நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டி மீது, அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வளர்த்த ஃபங்கின் தாக்கம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் டிரம்ஸைக் கேளுங்கள். ஃபங்கில் ஒவ்வொரு சுற்றின் முதல் அடியும் ஓங்கி விழும். ஃபெலாவின் டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலன் அப்படி அடித்ததில்லை. கிக், ஸ்னேர் என்ற முரசுகளும் ஹைஹேட் என்ற இரட்டைத் தட்டும் தனித்தனியே பேச, பளு பரவிக் கிடக்கும். அடியில் மேற்கு ஆப்பிரிக்க நடன இசையான ஹைலைஃபும், நைஜீரியாவின் யொருபா மக்களின் தாளமும். ஷெகெரே குடுவை விடாமல் குலுங்கும். மேலே கித்தார்கள் ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப மீட்டும். 1976-இல் வந்த ஃபெலாவின் ‘ஸோம்பி’ பாட்டு சுமார் 12 நிமிடம். பாதி நேரம் வாத்தியம்தான், பிறகே குரல். வானொலிக்காக வெட்டினால் பாட்டே போய்விடும்!

அமெரிக்காவிலிருந்து ஃபெலா உண்மையில் கொண்டுவந்தது அரசியல். 1969-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாண்ட்ரா ஸ்மித் என்ற தோழி, அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றை அவர் கையில் கொடுத்தார். கறுப்பினப் பெருமிதம் பாட்டுக்குள் வந்தது அதன் பிறகுதான். 1970களில் ‘ரான்சம்’ என்ற பெயரை அடிமைப் பெயர் என்று உதறி, ‘அனிகுலாபோ’ ஆனார்.

இன்னொன்று: 1970-இல் ஜேம்ஸ் பிரவுன் குழு நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கு வந்தபோது, அவர் குழுவினரே ஃபெலாவின் கிளப்புக்குப் போய்க் கேட்டார்கள்.