கைதட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான்

நேற்றைய பரிசளிப்பு விழாக் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "நாங்கள் பங்கருக்குள் குப்பி விளக்கில் படித்தவர்கள், கொரோனா பட்ச் வீட்டில் படுத்திருந்து சோதனை எடுத்தது" என்று பிரதம விருந்தினர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கு மண்டபமே கைதட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் 2021 உயர்தரப் பரீட்சைப் பிரிவு. ஐயா சொன்ன அந்தப் பங்கருக்குள் ஏழு வயதில் நாங்களும் இருந்தோம். இரண்டாம் ஆண்டை மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளின் கீழ்ப் படித்தோம். ஆகவே யுத்தத்தைக் காட்டி எங்கள் வாயை அடைக்க வேண்டாம். அதற்குப் பிறகு எங்களுக்கென்று இருந்தது பள்ளிக்கூடம் ஒன்றுதான். 2020 மார்ச் 12, வியாழக்கிழமை மணி அடித்ததோடு அதுவும் போயிற்று. பிறகு திறந்தார்கள், பூட்டினார்கள், மீண்டும் திறந்தார்கள்.

"கையில் போன் இருந்ததே" என்பீர்கள். இருந்தது, அப்பாவின் போன். அவர் மேசன் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். ஊரடங்கில் அவர் வீட்டில் இருந்த நாட்களில் போனும் இருந்தது, ரீலோட் போடத்தான் காசு இருக்கவில்லை. சிக்னலுக்குக் குளக்கட்டில் ஏற வேண்டும். இரசாயனவியல் ஆசிரியர் கொப்பியைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்; சமன்பாட்டில் எழுத்துக்குக் கீழே வரும் சின்ன இலக்கம் இரண்டா மூன்றா என்று பெருப்பித்துப் பார்த்தால் படமே மங்கிவிடும். ரிக்ரொக் பார்க்கவில்லையா என்று கேட்டால், பார்த்தோம். அதற்கென்ன?

"பரீட்சையைத் தள்ளிவைத்து நேரம் கொடுத்தார்களே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆகஸ்டில் நடக்க வேண்டியது 2022 பெப்ரவரி 7 இல் தொடங்கியது உண்மைதான். இடையில் 2021 ஜூலையில் ஆசிரியர்களின் சம்பளப் போராட்டம் வந்தது. நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது, ஆனால் ஒக்டோபர் வரை சூம் வகுப்பும் இல்லாமல் போனது எங்களுக்குத்தான். பரீட்சை நடந்துகொண்டிருந்தபோதே மின்வெட்டும் வந்ததால், ஐயா பெருமைப்படும் அந்தக் குப்பி விளக்கு எங்களுக்கும் வாய்த்தது.

ஆனால் என் கோபம் சோதனையைப் பற்றியதே அல்ல. பதின்மூன்றாம் ஆண்டில் நடந்திருக்க வேண்டிய எங்கள் கடைசி இல்ல விளையாட்டுப் போட்டியை யாரும் தள்ளிவைக்கவில்லை, அது நடக்கவே இல்லை. அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக ஓடி என் கையில் கோலைத் தருபவள், இரண்டாவது முடக்கத்தின்போது ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் வரவில்லை.

பெறுபேறு வந்த இரவு, வேலை முடிந்து வந்து அழைத்தாள். என் பெறுபேற்றைக் கேட்டாள், சந்தோசப்பட்டாள், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பழைய மாணவர் ஓட்டம் வைச்சா என்னையும் ஓட விடுவினமோடி?" என்று கேட்டாள்.

அவளும் கொரோனா பட்ச்தான், ஐயா. அவள் எந்தச் சோதனையும் எடுக்கவில்லை.