மாணவர் மிரட்டினால் ஆசிரியர் வாய் திறக்கக் கூடாதா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரிடையே ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "ஃபெர்பா என்ற தனியுரிமைச் சட்டம் இருப்பதால், மாணவர் மிரட்டல் விடுத்தாலும் பள்ளி போலீஸிடம் சொல்ல முடியாது." இது தவறு.

1974-இல் வந்த ஃபெர்பா காப்பது கல்விப் பதிவேடுகளை. அதிலேயே அவசர விலக்கு உண்டு. மாணவருக்கோ மற்றவர்களுக்கோ பெரிய ஆபத்து என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால், தேவையான விவரத்தைப் போலீஸ், மருத்துவர், பெற்றோர் ஆகியோரிடம் ஒப்புதல் இல்லாமலே பகிரலாம். ஏன், யாரிடம் பகிர்ந்தார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. ஆசிரியர் தன் காதால் கேட்டதும் கண்ணால் பார்த்ததும் பதிவேடே அல்ல. அதைச் சொல்ல ஃபெர்பா தடையில்லை. சரி, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவருக்கு மதிப்பெண் விவரம் தரக் கூடாது என்பது உண்மைதான். ஃபார்வர்டு அதைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது.

அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு அமைப்பான சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் பள்ளித் தாக்குதல்கள் 37-ஐ ஆராய்ந்து வெளியிட்ட 2002 அறிக்கைப்படி, பெரும்பாலானவற்றில் யாருக்காவது முன்பே விஷயம் தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்களை வாய் மூட வைக்கிறது இந்த ஃபார்வர்டு.

அமெரிக்கக் கல்வித் துறையின் மாணவர் தனியுரிமைத் தளத்திலும், கூட்டாட்சி விதித் தொகுப்பு 34, பிரிவு 99.36-லும் சரிபார்க்கலாம். அந்த ஃபார்வர்டு வந்தால் தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.