இறக்கத்தில் கிளட்சை மிதித்து டிராக்டரை உருட்டுவது பற்றி ஒரு திருத்தம்

இறக்கத்தில் கிளட்சை மிதித்தபடி டிராக்டரை உருளவிட்டால் டீசல் மிச்சமாகும், பிரேக் இருப்பதால் ஆபத்தில்லை என்று சொல்லப்படுகிறது. அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். கிளட்சை மிதித்த கணமே எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்து, எஞ்சின் தந்துவந்த தடுப்பு விசை முழுவதும் போய்விடுவதால், பின்னாலிருந்து தள்ளும் டிரெய்லரின் சுமையை, பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உள்ள பிரேக் தனியாகத் தாங்க வேண்டியதாகிறது; சூடேறினால் அதன் பிடியும் தளரும். மிச்சமாகும் டீசலும் சொற்பமே, ஏனெனில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரைக் குறைத்தாலே, எஞ்சின் வேகத்துக்கேற்ப டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி டீசலைக் குறைத்துவிடும். ஐயமுள்ளவர்கள் வண்டியோடு வந்த கையேட்டின் பாதுகாப்புப் பகுதியைப் புரட்டிப் பார்க்கலாம்: இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றவும், கிளட்சை மிதித்தோ நியூட்ரலிலோ உருளவிட வேண்டாம் என்றே பொதுவாக அங்கே எச்சரித்திருப்பார்கள்.