வில்லனுக்குக் கிடைத்த வக்கீல் கோட்டு

நடிகர் ரேமண்ட் பர் என்று சொன்னால் நம்மில் பலருக்கு முகம் நினைவுக்கு வராது. கதைகளில் வரும் வக்கீல் பெர்ரி மேசன் என்றால் வரும். அதுவும் புத்தகமாகத்தான் வரும். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் நாவல்கள் எங்கள் ஊர் வாடகை நூலகத்தில் அட்டை கிழிந்து, முனை மடங்கி ஓர் அலமாரி நிறையக் கிடந்தன. முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா வாரம் ஒன்று எடுத்து வருவார். அவர் முடித்ததும் எனக்கு. நான் கற்பனை செய்து வைத்திருந்த மேசன் ஒல்லியான, துறுதுறுப்பான ஆள். ரொம்ப வருடம் கழித்துத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தால், மலை மாதிரி ஒருவர் வந்து நிற்கிறார்!

அந்த மலைதான் பர். 1917-ல் கனடாவின் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் பிறந்தவர். நாற்பதுகளின் கடைசியில் ஹாலிவுட்டில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் அடியாள், கொலைகாரன், மிரட்டிப் பணம் பறிப்பவன். அகன்ற தோள், உள்ளே போன கண், தணிந்த குரல். இந்த உடம்பை வைத்துக்கொண்டு வேறு என்ன கொடுப்பார்கள்?

பிறகு தொலைக்காட்சி வந்து அவரை நல்லவராக மாற்றியது என்று பொதுவாக எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதர் கடைசிவரை செய்தது ஒரே வேலை. எதிரே இருப்பவர் மேல் தன் கனத்தை மெல்ல மெல்ல இறக்குவார். சினிமாவில் அது நம் மேல் இறங்கியது, டிவியில் பொய்ச்சாட்சி மேல் இறங்கியது. அவ்வளவுதான்.

1951-ல் வந்த 'எ பிளேஸ் இன் தி சன்' பாருங்கள். படகில் போன பெண் மூழ்கிச் செத்த வழக்கு, பர் அரசுத் தரப்பு வக்கீல். கோர்ட்டுக்குள்ளேயே ஒரு படகைக் கொண்டுவந்து போட்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டிய மான்ட்கோமரி கிளிஃப்டை அதில் உட்கார வைப்பார். கேள்வி கேட்டுக்கொண்டே வந்து, துடுப்பைத் தூக்கிப் படகின் மேல் ஓங்கி அடிப்பார். துடுப்பு முறியும். சட்டம் அவர் பக்கம்தான், ஆனாலும் பார்க்கிற நமக்கு அவர்தான் வில்லன். மேசன் தொடரைத் தயாரித்த கெயில் பேட்ரிக்கின் மனதில் பர் நின்றதற்கு இந்த வேடமும் ஒரு காரணம்.

ஆனால் உச்சம் என்று நான் சொல்வது ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'. 1954. முப்பத்தாறு வயது ஆளுக்குத் தலையை நரைக்க வைத்து, கண்ணாடி மாட்டிவிட்டார்கள். மனைவியைக் கொன்றவன் வேடம். அவரை ஜன்னல் வழியாக வேவு பார்க்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டோடு சேர்ந்துதான் நாமும் பார்க்கிறோம், அதனால் படம் முக்கால்வாசி அவர் எதிர்வீட்டு ஜன்னலில் தூரத்து உருவம். பேசுவது சரியாகக் கேட்காது. ஸ்டூவர்ட்டின் காதலி கிரேஸ் கெல்லி அவர் வீட்டுக்குள் புகுந்து, செத்தவளின் மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஸ்டூவர்ட்டுக்குச் சுட்டிக்காட்டும்போது, பர் அதைக் கவனித்துவிட்டு மெதுவாகத் தலையை நிமிர்த்தி நேரே நம்மைப் பார்ப்பார். ஒரு வசனமும் இல்லை. எனக்கு இன்றும் அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். அப்புறம் இருட்டில் கதவைத் திறந்துகொண்டு வந்து, உனக்கு என்னதான் வேண்டும், என்னிடம் பணம் கிடையாது என்பார். கொலைகாரன்தான், ஆனால் குரலில் இருப்பது களைப்பு. அவர்மேல் ஒரு கணம் பாவம் வந்துவிடும். படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிப்பை எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பேசுகிறவர் குறைவு.

(நடுவில் 1956-ல் ஜப்பானிய காட்ஸில்லா படத்தை அமெரிக்காவுக்காக வெட்டி ஒட்டியபோது, இவரைப் பத்திரிகையாளராகச் செருகினார்கள். அசல் நடிகர்களோடு பேசுவதுபோல் காட்ட, முதுகு மட்டும் தெரியும் வேறு ஆட்களை எதிரே நிறுத்திப் படம் பிடித்தார்கள். அதிலும் மனிதர் முகத்தைச் சீரியஸாகவே வைத்திருப்பார்!)

மேசன் தொடருக்கு அவரை முதலில் கூப்பிட்டது மேசனை எதிர்த்து வாதாடும் அரசுத் தரப்பு வக்கீல் பர்கர் வேடத்துக்கு. எடையைக் குறைத்துவிட்டு வந்தால் மேசனாகவும் முயன்று பார்க்கலாம் என்றார்கள். குறைத்துவிட்டு வந்தார். கார்ட்னரே அவரைப் பார்த்து இவர்தான் மேசன் என்றாராம். 1957 முதல் 1966 வரை 271 எபிசோட், இரண்டு எம்மி விருது. படப்பிடிப்பு நாட்களில் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஸ்டுடியோவிலேயே தங்கிவிடுவார். பர்கராக நடித்த வில்லியம் டால்மன் வாராவாரம் தோற்றுக்கொண்டிருந்தார், பாவம். அடுத்து 1967-ல் 'அயர்ன்சைட்'. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் போலீஸ் அதிகாரி. நடக்கவே முடியாத பாத்திரம், அதிலும் எட்டு வருடம் ஓட்டினார். 1985-ல் மறுபடி மேசன், இம்முறை டிவி திரைப்படங்கள். 1993 செப்டம்பரில் இறந்தார். புற்றுநோயோடு நடித்த கடைசிப் படம் அதற்குப் பிறகுதான் ஒளிபரப்பானது.

சொந்த வாழ்க்கையில் ஒரு விசித்திரம். தனக்கு நிஜத்தில் இருந்ததைவிடக் கூடுதலாக மனைவிகள் இருந்ததாகவும் ஒரு மகன் இறந்துபோனதாகவும் பேட்டிகளில் சொல்லி வந்தார். அப்படி ஒரு மகன் இருந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உண்மையில் முப்பது வருடத்துக்கு மேல் ராபர்ட் பெனவிடெஸ் என்பவரோடு வாழ்க்கைத் துணையாக வாழ்ந்தார். இருவருமாக ஆர்க்கிட் வளர்த்தார்கள். அந்தக் கால அமெரிக்காவில் இது வெளியே தெரிந்தால் வேலை போயிருக்கும். வாராவாரம் சாட்சிகளின் பொய்யை உடைத்தவர், தன்னைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு அவரை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவுக்கு மேசன் தொடரைப் போட்டுக் காட்டினேன். "சாட்சி பக்கத்துல இப்படிப் போய் நின்னா எங்க முன்சீப் சும்மா விடுவாரா?" என்றார். சரி, அடுத்து 'ரியர் விண்டோ' போட்டேன். முழுக்கப் பார்த்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பிணம் கிடைக்கல, நேர்ல பாத்த சாட்சி இல்ல. இந்த ஆளு வாயத் தொறக்காம நேரா மேசன்கிட்ட போயிருந்தா விடுதலைதான்டா."