நட்டத்துக்குப் பயந்த டீச்சர்

கடந்த தவணையில் எங்கள் பாடசாலையில் மாணவர் சந்தை நடந்தது. தரம் 7 மாணவி ஒருத்தி வீட்டுத் தோட்டத்து லீக்ஸைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தாள். பகல் பன்னிரண்டு மணியாகியும் ஆறு கட்டுகள் மிஞ்சியிருந்தன. விலையைக் குறைப்பதா, பக்கத்துப் பிள்ளையின் முட்டைக்கு மாற்றிக்கொள்வதா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நான் போய் ஆறையும் முழு விலைக்கு வாங்கிவிட்டேன். வீட்டில் மூன்று நாட்களுக்கு லீக்ஸ்தான் கறி.

அன்று மாலை, உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) பொறுப்பான மூத்த ஆசிரியர் என்னிடம் கேட்டார்: “நட்டத்துக்குப் பயந்தது பிள்ளையா, டீச்சரா?”

நான் வணிகக் கல்வி கற்பிப்பவள். இடர் ஏற்பதே முயற்சியாண்மையின் (தொழில்முனைவின்) முதற்பண்பு என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால், இலங்கை மலையகத்தில், எங்கள் தோட்டச் சந்தியில் அப்பா நடத்திய சிறுகடை, ‘சம்பளத்தன்று தருகிறேன்’ என்று கொப்பியில் ஏறிய கடனாலேயே மூடப்பட்டதையும், அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த் திரும்பாததையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவுக்கு ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்ந்த மலையகத்து நம்மவர்கள் அந்த வேலையைப் பற்றிக்கொண்டதும் இப்படிப்பட்ட பயத்தினால்தான் என்று நினைக்கிறேன். அரச வேலையைக் கரையேறும் ஒரே வழியாகக் கண்ட நாங்கள், பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கச் சொல்கிறோம்.

தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டி நூலைத் தருகிறது. சேவைக்கால ஆலோசகர் பாடக்குறிப்பைப் பார்த்துத் திருத்துகிறார். இரண்டும் தேவையே. ஆயினும் அவை ஆலோசனைகள். உளவளத்துணை வேறு. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்தியதுபோல, தீர்ப்புச் சொல்லாமல் செவிமடுத்து, எதிரே இருப்பவர் தம் விடையைத் தாமே கண்டடையத் துணைநிற்பது அது. நூலகத்தில் அந்த மூத்த ஆசிரியர் என் பேச்சை முக்கால் மணிநேரம் கேட்டார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. (எங்கள் உளவளத்துணை அறையில் உடைந்த மேசைகள் குடியிருப்பதால்தான் நூலகம்!)

பயத்தைப் பேசித் தீர்த்தால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாவதற்கே ஆண்டுக்கணக்கில் போராடிய மக்கள் நாம். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர் வங்கியில் எதை ஈடு வைப்பார்? இதை மறைத்து ‘துணிந்து இறங்கு’ என்பது பொய். தன் பயம் எது, ஊரின் உண்மையான தடை எது என்று பிரித்தறிந்த ஆசிரியரால்தான் இரண்டையும் வகுப்பில் நேர்மையாகப் பேச முடியும்.

இந்தத் தவணைச் சந்தையில் அதே மாணவி லீக்ஸையும் கரட்டையும் அரிந்து சூப் பொதிகளாகக் கட்டி வந்தாள். அப்போதும் நான்கு மிஞ்சின. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. கடைசியில் அவள் அவற்றைப் பாதி விலைக்கு விற்று, நட்டத்தைத் தன் கையாலேயே கணக்கில் எழுதினாள்.

கல்வி வலய மட்டப் பயிற்சிகளில், கற்பிக்கும் ஆசிரியருக்கும் இப்படியொரு செவிமடுப்புக்கு நேரம் ஒதுக்கவேண்டும். கேட்பவர், எங்களைப் பற்றி மதிப்பீட்டு அறிக்கை எழுதும் அதிகாரியாக இருக்கவே கூடாது. அவர் முன்னால் எந்த ஆசிரியர் அடகுக்குப் போன தோட்டைப் பற்றிப் பேசுவார்?