குமுளி மலையில் உயரம் காட்டும் போனில் எல்லாம் பாரோமீட்டர் (காற்றழுத்த சென்சார்) இருக்கிறதா?

"கம்பத்திலிருந்து குமுளி ஏறும்போது ஆப்பில் உயரம் கூடினால், உங்கள் போனில் காற்றழுத்த சென்சார் உண்டு" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. அந்த எண் பெரும்பாலும் ஜிபிஎஸ் தருவது.

லொக்கேஷனையும் நெட்டையும் அணைத்துவிட்டு மேலே ஏறுங்கள். எண் நின்றுவிட்டால் சென்சார் இல்லை, அல்லது அந்த ஆப் அதைப் பயன்படுத்தவில்லை. சென்சார் இருந்தால், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் அது காட்டும் அழுத்தம் சுமார் 10 முதல் 11 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கும். மலை வேண்டாம், வீட்டு மாடிப்படியே போதும்: 3 மீட்டருக்கு ஏறக்குறைய 0.3 குறையும்.

ஆப் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் லொக்கேஷன் தரும் வழக்கமான உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததல்ல, டபிள்யூஜிஎஸ்84 நீள்வட்டத்திலிருந்து (ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமியின் கணித வடிவம்) அளந்தது. இந்த மலைப் பகுதியில் அது வரைபட உயரத்தைவிட ஏறத்தாழ 90 மீட்டர் குறைவாக வரும். அதைப் பார்த்து சென்சார் பழுது என்று குறித்துவிடாதீர்கள்.

ஒரு போனில் சென்சார் உண்டா என்று ஆவணப்படுத்த நம்பகமான வழி, அதைக் கணினியில் இணைத்து, ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் சென்சார்சர்வீஸ்' (adb shell dumpsys sensorservice) ஓட்டுவது. பட்டியலில் அழுத்த வகை இருக்கிறதா என்று பாருங்கள்; சிப்பின் பெயர், தயாரிப்பாளர் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். பாஷின் பிஎம்பி280 போன்ற பெயர் தெரிந்தால் அதன் தரவுத்தாளோடு ஒப்பிடலாம். விற்பனைப் பெயர் மட்டும் போதாது; ஒரே பெயரில் வரும் வெவ்வேறு மாடல் எண்களில் சென்சார் மாறக்கூடும். மாடல் எண், ஆண்ட்ராய்டு பதிப்பு இரண்டும் கட்டாயம். கோடில் அழுத்த சென்சாரைக் கேட்கும்போது 'நல்' (null, அதாவது எதுவும் இல்லை) திரும்பலாம். அதைச் சோதிக்காத ஆப் அங்கேயே நின்றுவிடலாம்.